சின்க்ரோட்ரானில் எடுத்த டேட்டாவை ஒன்றும் விடுபடாமல் கொண்டுவருவது எப்படி

சின்க்ரோட்ரான் என்பது மிக வலிய எக்ஸ்கதிர்களைத் தரும் பெரிய இயந்திரம். அதில் நமக்கு ஒதுக்கும் அளவீட்டு நேரம்தான் பீம்டைம். என்னுடைய மூன்றாவது பீம்டைம் முடிந்து ஐந்து வாரம் கழித்துத்தான் ஹார்ட் டிஸ்கைச் செருகி முதல் கோப்பைத் திறந்தேன். அலைநீளம், டிடெக்டர் தூரம், எக்ஸ்போஷர் நேரம் எல்லாம் உள்ளே இருந்தன. படத்தைத் திறக்கப் போனால் பிழைச் செய்தி வந்தது. 61 மாதிரிகளிலும் அப்படியே. பெயரில் ‘மாஸ்டர்’ என்று இருந்த கோப்புகளை மட்டும் நான் காப்பி செய்திருந்தேன். படங்கள் இருந்த கோப்புகள் அங்கேயே நின்றுவிட்டன. அதற்குள் பீம்லைனின், அதாவது எக்ஸ்கதிர் மாதிரி மேல் விழும் அளவீட்டுக் கூடத்தின், வட்டையும் துடைத்துவிட்டார்கள். டேப்பில் ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தேன். அது திரும்பி என் கைக்கு வர 11 நாள் ஆனது.

புரதக் கரைசல்களில் சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறல் அளப்பது என் வேலை. சுருக்கமாக சாக்ஸ் என்போம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை 24 மணி நேரமோ 48 மணி நேரமோ பீம்டைம் கிடைக்கும். அந்த 11 நாளுக்குப் பிறகு ‘காப்பி முடிந்தது’ என்று திரை சொல்வதை நான் நம்புவதில்லை. அதற்குப் பதில் ஒரு சோதனை செய்கிறேன். நன்கு தெரிந்த ஒரு புரதத்தை பீம்லைனில் அளந்து, அங்கேயே அதன் சிதறல் வளைகோட்டைப் போட்டுச் சேமித்துக்கொள்வேன். திரும்பி வந்ததும், கொண்டுவந்த மூலக் கோப்புகளை மட்டும் வைத்து, என் கணினியில் அதே வளைகோட்டை முதலிலிருந்து மறுபடி போடுவேன். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் டேட்டா வந்து சேர்ந்ததாகக் கணக்கு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சோதனையை நோக்கித்தான் போகிறது. நீங்கள் சாக்ஸ் செய்யாமல் டோமோகிராஃபியோ டிஃப்ராக்‌ஷனோ செய்தாலும் வழி இதேதான். தெரிந்த மாதிரி மட்டும் மாறும்.

போவதற்கு முன்னால்

பெரும்பாலான ஆய்வு நிலையங்களில் டேட்டாவைப் பார்க்கும் உரிமை ஆளோடு ஒட்டியது இல்லை, ஆய்வு முன்மொழிவு எண்ணோடு ஒட்டியது. அந்த எண்ணின் பங்கேற்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால், இரவு முழுக்க பீம்லைனில் உட்கார்ந்து அளந்திருந்தாலும் திரும்பி வந்த பிறகு அந்த ஃபோல்டர் உங்களுக்குத் திறக்காது. முதன்மை ஆய்வாளரிடம் சொல்லி, டேட்டாவை அலசப்போகும் எல்லோருடைய பெயரையும் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். நேரில் வராமல் தொலைவிலிருந்து வேலை செய்யப்போகும் மாணவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் கணக்கில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அதை உங்கள் ஆய்வகத்திலிருந்தே செய்யுங்கள். இரண்டடுக்கு சரிபார்ப்புக் குறியீடு பழைய போனில் மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது உங்கள் நிறுவனத்தின் ஃபயர்வால் வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் தடுத்திருக்கும். இவை இரண்டும் பீம்டைம் முடிந்த பிறகு தெரியவந்தால் நாட்கள் வீணாகும்.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பீம்லைன் விஞ்ஞானியிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூல டேட்டா எந்தப் பாதையில் எழுதப்படும்? எத்தனை நாள் வட்டில் இருக்கும், அப்புறம் டேப்புக்குப் போகுமா? வெளியே எடுக்க எந்த வழியைப் பரிந்துரைக்கிறார்கள்? நாள்கணக்கு இடத்துக்கு இடம் மாறும். போன முறை போன இடத்தின் கணக்கை இந்த முறைக்குப் பொருத்தாதீர்கள்.

டேட்டா கொள்கை என்று ஒரு ஆவணம் இருக்கும். அதையும் படித்துவிடுங்கள். உதாரணமாக, பிரான்சின் கிரனோபிளில் உள்ள ஈஎஸ்ஆர்எஃப் சின்க்ரோட்ரான் 2015-ல் கொண்டுவந்த கொள்கைப்படி, மூல டேட்டா மூன்று வருடம் ஆய்வுக் குழுவுக்கு மட்டும் திறந்திருக்கும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படியானால் நீங்கள் அவசரத்தில் தட்டிவிடும் மாதிரிப் பெயரை என்றாவது முன்பின் தெரியாத ஒருவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். எனக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. அந்த ஒருவரை மனதில் வைத்துப் பெயரிட்டால், இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் எனக்கும் அது புரிகிறது.

பீம்லைனில் முதல் இரண்டு மணி நேரம்

நிலையத்தின் வட்டில் மூல டேட்டாவுக்கு ஓர் இடம், நீங்கள் எழுதிக்கொள்ள வேறோர் இடம் என்று பிரித்திருப்பார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டெசி ஆய்வகத்தின் பெட்ரா-3 சின்க்ரோட்ரானில் ‘ரா’, ‘ப்ராசஸ்ட்’, ‘ஸ்க்ராட்ச்’, ‘ஷேர்டு’ என்ற பிரிவுகளைப் பார்க்கலாம். ‘ரா’ ஃபோல்டரில் எதையும் எழுதவோ மாற்றவோ முயலாதீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட், வளைகோடு, குறிப்பு எல்லாம் ‘ப்ராசஸ்ட்’ பக்கம் போகட்டும். ‘ஸ்க்ராட்ச்’ என்று பெயரிட்ட இடத்துக்கு பேக்கப் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் சொந்த மாதிரியை உடனே வைத்துவிடத் துடிப்பாக இருக்கும். பொறுங்கள். முதலில் சில்வர் பெஹனேட், அளவீட்டைச் சரிசெய்யப் பயன்படும் ஒரு தூள். அதன் அடுக்கு இடைவெளி 58.38 ஆங்ஸ்ட்ராம் என்பது தெரிந்த எண், ஆகவே முதல் வளையம் க்யூ அச்சில் (சிதறல் கோணத்தைச் சொல்லும் அளவு) நானோமீட்டருக்கு 1.076 என்ற இடத்தில் விழ வேண்டும். டிடெக்டர் தூரத்தையும் கற்றை மையத்தையும் இதிலிருந்துதான் பெறுகிறோம். அடுத்து காலி கேப்பிலரி (மாதிரியை வைக்கும் மெல்லிய குழாய்), அதே கேப்பிலரியில் தண்ணீர். தண்ணீரின் சிதறல் அளவு 20 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.0163, உங்கள் தீவிரங்களை முழுமையான அலகுக்கு மாற்ற இது உதவும். அதன் பிறகு நம் தெரிந்த புரதம். நான் போவைன் சீரம் ஆல்புமினைத்தான் எடுப்பேன், மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் அடர்த்தியில், அதன் பஃபரோடு (புரதம் இல்லாத அதே கரைசல்) சேர்த்து. சுருக்கமாக பிஎஸ்ஏ என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் சுழற்சி ஆரம், அதாவது மூலக்கூறு எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு, சுமார் 3 நானோமீட்டர் வரும். 5 என்று வந்தால் புரதம் திரண்டிருக்கிறது. 0.3 என்று வந்தால் நானோமீட்டரையும் ஆங்ஸ்ட்ராமையும் எங்கோ குழப்பியிருக்கிறீர்கள்.

இந்த பிஎஸ்ஏ வளைகோட்டை அப்போதே அங்கேயே போட்டுவிடுங்கள். பெரும்பாலான பீம்லைன்களில் தானியங்கி ஒன்று ஓடி, அளந்த சில நொடிகளில் வளைகோட்டைத் தரும். அதை எழுத்துக் கோப்பாகச் சேமித்து, எந்தக் கேலிபரேஷன் கோப்பு (டிடெக்டர் தூரம், மையம் முதலியவை), எந்த மாஸ்க் (கணக்கில் சேர்க்கக் கூடாத பிக்சல்களின் பட்டியல்), எந்த மென்பொருள் பதிப்பு என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். கேலிபரேஷன் கோப்பும் மாஸ்க்கும் பல நேரம் பீம்லைன் ஊழியரின் சொந்த ஃபோல்டரில் இருக்கும். உங்கள் ஆய்வு எண்ணின் கீழ் வராது. காப்பி செய்யும்போது விடுபடுகிற முதல் பொருள் இதுதான். அந்த நிமிடமே ‘ப்ராசஸ்ட்’ ஃபோல்டருக்குள் ஒரு பிரதி எடுத்துப் போட்டுவிடுங்கள்.

விடுபடுகிற இரண்டாவது பொருள், மாதிரியைத் தாண்டி வந்த ஒளியை அளக்கும் டயோடின் எண்கள். டிடெக்டர் படங்கள் ஓர் இடத்திலும், டயோடு எண்கள் ஸ்கேன் கோப்பு என்ற வேறோர் இடத்திலும் இருக்கும் பீம்லைன்கள் பல உண்டு. அந்த எண் இல்லாமல் மாதிரியிலிருந்து பஃபரைச் சரியாகக் கழிக்க முடியாது. எங்கே எழுதப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயரிடுவது பற்றி ஒரு வார்த்தை. அதிகாலை மூன்று மணிக்கு ‘டெஸ்ட்2 புதுசு’ என்று தட்டத் தோன்றும். நான் வரிசை எண்ணை முதலில் வைத்து, பிறகு புரதத்தின் சுருக்கப் பெயர், அடர்த்தி, வெப்பநிலை என்று போடுவேன். இடைவெளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எதுவும் கிடையாது. பஃபருக்கும் அது எந்த மாதிரிக்கான பஃபர் என்பது பெயரிலேயே இருக்கும். இதோடு கையால் எழுதும் நோட்டும் வேண்டும். மாதிரியில் குமிழி இருந்தது, பத்தாவது படத்துக்குப் பிறகு கற்றை நின்று மறுபடி வந்தது போன்றவற்றை எந்த மெட்டாடேட்டாவும் சொல்லாது. ஷிஃப்ட் முடியும்போது நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

என்னை 11 நாள் காக்கவைத்தது இந்தப் பகுதிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐகர் போன்ற வேகமான டிடெக்டர்கள் ஹெச்டிஎஃப்5 என்ற வடிவத்தில் எழுதுகின்றன. ஓர் அளவீட்டுக்கு ஒரு மாஸ்டர் கோப்பும், ‘டேட்டா 000001’, ‘டேட்டா 000002’ என்று முடியும் பல கோப்புகளும் உருவாகும். மாஸ்டரில் இருப்பது அளவீட்டின் விவரங்களும், படங்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்ற இணைப்புகளும்தான். படங்கள் மற்ற கோப்புகளில் இருக்கின்றன. மாஸ்டரைத் திறந்தால் படங்கள் அதற்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும், ஏனென்றால் மென்பொருள் அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டுகிறது. பீம்லைனில் எல்லாக் கோப்பும் அருகருகே இருப்பதால் எல்லாம் சரியாகவே தெரியும். மாஸ்டரை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால் இணைப்பு வெறுமையைச் சுட்டும்.

இணைப்பில் எழுதியிருப்பது கோப்பின் பெயர். ஆகவே எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டு, பிறகு அழகுக்காகப் பெயரை மாற்றினாலும் இணைப்பு அறுந்துவிடும். மாஸ்டரை ஒரு ஃபோல்டரிலும் படங்களை வேறொன்றிலும் பிரித்து வைத்தாலும் அப்படித்தான். மூலக் கோப்புகளின் பெயரையும் ஃபோல்டர் அமைப்பையும் தொடாமல் விடுங்கள். உங்களுக்குப் புரியும் பெயர் வேண்டுமானால் தனியாக ஓர் அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், சுருக்கம். படங்களை பிட்ஷஃபிள், எல்இசட்4 போன்ற முறைகளில் சுருக்கித்தான் எழுதுவார்கள். சாதாரணமாக நிறுவிய ஹெச்டிஎஃப்5 மென்பொருளுக்கு இவற்றை விரிக்கத் தெரியாது. கோப்பு முழுசாக இருந்தும் ‘ஃபில்டர் இல்லை’ என்று பிழை காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பைத்தானில் ஹெச்டிஎஃப்5 ப்ளகின் என்ற தொகுப்பை நிறுவி, உங்கள் ஸ்கிரிப்டின் மேல்பகுதியில் அதையும் இறக்குமதி செய்தால் போதும்.

அப்புறம், அளவீடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கோப்பைத் திறந்து பார்க்க ஆசை வரும். பார்க்கலாம், ஆனால் வாசிப்பு முறையில் மட்டும். எழுதும் முறையில் திறந்துவிட்டால் டிடெக்டர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைக் கெடுத்துவிட வாய்ப்பு உண்டு. வெறுமனே பார்க்க சில்க்ஸ் வியூ நல்ல கருவி.

எடுத்துவருவது

முதலில் கணக்குப் போடுங்கள். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது பிட்டுக்கும் பைட்டுக்கும் நடுவில்தான். ஒரு ஜிகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு 125 மெகாபைட். ஒரு டெராபைட் டேட்டாவுக்கு, ஒரு தடையும் இல்லாமல் ஓடினால், 8,000 நொடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே டேட்டா 100 மெகாபிட் இணைப்பில் 22 மணி நேரத்தைத் தாண்டும். நடைமுறையில் எப்போதும் இதைவிட அதிகம் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் திரும்பும் டிக்கெட்டின் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நிலையத்தில் குளோபஸ் என்ற கோப்புப் பரிமாற்றச் சேவை இருந்தால் அதையே எடுங்கள். இரண்டு முனைகளையும் தேர்ந்தெடுத்து, பரிமாற்றத்தைத் தொடங்கிவிட்டு உலாவியை மூடிவிடலாம். இணைப்பு அறுந்தால் தானே மறுபடி முயலும், ஒவ்வொரு கோப்பின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்கும், முடிந்ததும் மின்னஞ்சல் வரும். உங்கள் மடிக்கணினியே ஒரு முனையாக இருந்தால் மட்டும் அதை மூடாமல் வைத்திருக்க வேண்டும்.

குளோபஸ் இல்லாத இடத்தில் ஆர்சிங்க் என்ற காப்பிக் கட்டளை. இதில் மூன்று விஷயத்தைக் கையோடு பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் ஓட்டத்தை எப்போதும் ‘மைனஸ் என்’ சேர்த்து ஓட்டுங்கள். எதையும் காப்பி செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். இரண்டு, மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோடு. அது இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். இதைக் கவனிக்காமல் இரண்டு பீம்டைமின் கோப்புகளை ஒரே இடத்தில் கலந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று, ‘டிலீட்’ தேர்வைப் பரிமாற்றத்தில் பயன்படுத்தவே வேண்டாம். மற்றபடி ‘மைனஸ் ஏ’, பெரிய எழுத்தில் ‘மைனஸ் பி’ இரண்டும் போதும். பாதியில் நின்றால் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து போகும். டீமக்ஸ் என்ற டெர்மினல் கருவிக்குள் ஓட்டினால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

லாகின் சர்வரிலிருந்து இழுக்காதீர்கள். டேட்டா பரிமாற்றத்துக்கென்றே தனி சர்வர் வைத்திருப்பார்கள், அதன் பெயரைக் கேளுங்கள். பழைய டிடெக்டர்களில் ஒவ்வொரு படமும் தனிக் கோப்பாக வரும். லட்சம் சிறு கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட மிக மெதுவாக நகரும். அளவீடு வாரியாக ‘டார்’ செய்து கட்டி அனுப்புங்கள்.

ஹார்ட் டிஸ்கில் எடுத்துவருவதிலும் தவறில்லை, நானும் செய்கிறேன். ஆனால் அதன் ஃபார்மட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேட்32-வில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு உட்காராது. விண்டோஸில் திறக்கும் வட்டில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி இருக்கக் கூடாது; நேரத்தைப் பெயரில் வைக்கும் பீம்லைன்களில் இது இடிக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பிப் பெயரிட்ட இரண்டு கோப்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்பட்டுவிடும்.

சரிபார்ப்பது

நிலையத்திலேயே மூல ஃபோல்டர் முழுவதற்கும் ஷா-256 (ஒரு வகைச் செக்சம்) பட்டியல் ஒன்றை உருவாக்கி, அதையும் டேட்டாவோடு கொண்டுவாருங்கள். வந்த பிறகு அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆர்சிங்க் தானே சரிபார்க்கிறதே என்று கேட்கலாம். அது அனுப்பும்போது வந்த பைட்டுகளைச் சரிபார்க்கிறது. வட்டில் உண்மையில் எழுதப்பட்டதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. யூஎஸ்பி வட்டாக இருந்தால் முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடி செருகிய பிறகுதான் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே படித்து எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

செக்சம் பொருந்துவதால் கொண்டுவந்த கோப்புகள் நலம் என்று தெரிகிறது. கொண்டுவராத கோப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. என் 61 மாஸ்டர் கோப்புகளுக்கும் செக்சம் சோதித்திருந்தால் அத்தனையும் பொருந்தியிருக்கும். பிஎஸ்ஏ சோதனை வேண்டியிருப்பது இதனால்தான்.

உங்கள் கணினியில் மறுபடி

நிலையத்தோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு உட்காருங்கள். தொலைவு வட்டு எதுவும் இணைந்திருக்கக் கூடாது, இல்லையென்றால் ஸ்கிரிப்ட் உங்களுக்குத் தெரியாமல் அங்கிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளும்.

பைஃபாய் என்ற பைத்தான் மென்பொருளைத் திறந்து, கொண்டுவந்த கேலிபரேஷன் கோப்பைக் கொடுத்து, சில்வர் பெஹனேட் படத்தை ஒருபரிமாண வளைகோடாக மாற்றுங்கள். முதல் உச்சி 1.076-ல் இருக்கிறதா? இல்லையென்றால் ஆற்றலைப் பாருங்கள். கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றலையும் ஆங்ஸ்ட்ராமில் அலைநீளத்தையும் பெருக்கினால் 12.398 வர வேண்டும். பைஃபாயின் கோப்பு அலைநீளத்தையும் தூரத்தையும் மீட்டரில் வைத்திருக்கும், இதுவும் குழப்பும். இன்னொன்று, அதில் எழுதியிருக்கும் புள்ளி டிடெக்டருக்குச் செங்குத்தான கோடு தொடும் இடம். டிடெக்டர் சாய்ந்திருந்தால் அது கற்றை மையமாக இருக்காது. பழைய மென்பொருளில் கற்றை மையம் கேட்கும் இடத்தில் இதை அப்படியே போடாதீர்கள்.

மாஸ்க்கைப் போட்டீர்களா என்று பாருங்கள். ஐகரில் டிடெக்டர் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் அந்த எண் வகையின் உச்ச மதிப்பு நிரப்பப்பட்டிருக்கும். 32 பிட் என்றால் 4,294,967,295. மாஸ்க் இல்லாமல் சராசரி எடுத்தால் இது உள்ளே புகுந்து வளைகோட்டையே விழுங்கிவிடும். பிலாட்டஸ் டிடெக்டரில் இடைவெளிக்கு மைனஸ் 1.

பிறகு பிஎஸ்ஏவின் படங்களைத் தனித்தனியாக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று வரைந்து பாருங்கள். கடைசிப் படங்கள் சிறு கோணத்தில் மேலே ஏறினால் கதிர்வீச்சில் புரதம் சேதமாகியிருக்கிறது. ஒத்துப்போகும் படங்களை மட்டும் சராசரி எடுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் டயோடு எண்ணால் வகுத்து, பஃபருக்கும் அதையே செய்து, கழியுங்கள். கினியர் கோடு (சிறு கோணப் பகுதியிலிருந்து சுழற்சி ஆரத்தைத் தரும் நேர்கோடு) போட்டு, க்யூவையும் ஆரத்தையும் பெருக்கினால் 1.3-க்குள் இருக்கும் பகுதியில் மட்டும் பொருத்துங்கள். இதற்கு பயோஎக்ஸ்டாஸ் ரா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஆட்சாஸும் நன்றாக இருக்கும்.

இப்போது பீம்லைனில் சேமித்த வளைகோட்டை இதன் மேல் வையுங்கள். பிழைக்கோடுகளுக்குள் ஒன்றாக இருந்தால் மாஸ்டர், படங்கள், கேலிபரேஷன், மாஸ்க், டயோடு எண்கள் ஆகிய ஐந்து வகையும் உங்கள் கையில் இருக்கின்றன. உயரம் மட்டும் மாறியிருந்தால் டயோடு எண்ணிலோ தண்ணீர் அளவிலோ வேறுபாடு. சிறு கோணத்தில் மட்டும் விலகினால் மாஸ்க். வளைகோடு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் தூரம் அல்லது அலைநீளம். எதுவாக இருந்தாலும் அந்த வாரமே பீம்லைனுக்கு எழுதிக் கேளுங்கள், கோப்புகள் இன்னும் வட்டில்தான் இருக்கும்.

பிஎஸ்ஏ பொருந்திவிட்டால் மற்ற மாதிரிகளின் மாஸ்டர் கோப்புகளை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் கடைசிப் படத்தைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் படம் போதாது; கடைசி டேட்டா கோப்பு விடுபட்டிருந்தால் முதல் படம் அதைக் காட்டிக்கொடுக்காது. எந்த எண்ணில் பிழை வருகிறதோ அதை நோட்டோடு ஒப்பிடுங்கள். சில நேரம் அது நீங்களே பாதியில் நிறுத்திய அளவீடாக இருக்கும்.

டேட்டா மிகப் பெரிதாக இருந்து கொண்டுவரவே முடியாதென்றால், நிலையத்தின் ஜுபிட்டர் நோட்புக்கிலோ ஸ்லர்ம் என்ற வேலை வரிசையிலோ அங்கேயே அலசலாம். டோமோகிராஃபி செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். அப்போதும் ஒரு சின்ன மாதிரியை முழுசாக, இருள் படமும் வெற்றுப் படமும் சேர்த்து, எடுத்துவந்து இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். கனமான வேலையை லாகின் சர்வரில் ஓட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் எல்லோரும் நின்றுபோவார்கள்.

எல்லாம் சரியென்றால் இரண்டாவது பிரதியை வேறொரு கட்டடத்தில் இருக்கும் வட்டில் எடுத்து, அதற்கும் ஷா பட்டியலை ஓட்டுவேன். அந்த அளவீட்டுக்கு நிலையம் தந்த டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன். கட்டுரை எழுதும்போது மேற்கோள் காட்ட அது வேண்டும். கடைசியாக பீம்லைன் விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல், இரண்டு பிஎஸ்ஏ வளைகோடுகளும் ஒன்றாக வரைந்த படத்தோடு: எல்லாம் வந்து சேர்ந்தது, உங்கள் வட்டில் எங்கள் இடத்தை இனி நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், நன்றி.